டியூப் மட்டமும் அடிக்கட்டையும்: சாஹேல் பகுதி உதவித் திட்டங்கள் பற்றிச் சில குறிப்புகள்

போன மாசம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கும் வேலை நடந்தது. பழைய தளத்தில் வாட்டம் சரியில்லை, மழைத் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கி நின்றது. கொத்தனார் ஒரு நீளமான வெள்ளை டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைத் தான் வைத்துக்கொண்டு மறுமுனையை சித்தாள் அம்மாவிடம் கொடுத்து, சுவர் சுவராகப் பென்சில் கோடு போட்டுக்கொண்டே போனார். "லேசர் எல்லாம் வந்துடுச்சு சார், ஆனா தண்ணி பொய் சொல்லாது" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் புர்கினா ஃபாசோ ஞாபகம் வந்தது. ஏன் என்று எழுத ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு.

இரண்டு வருஷமாக பெர்மாகல்ச்சர் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் 1978-ல் ஒரு புத்தகத்தோடு தொடங்கிவைத்த சிந்தனை இது. நிலத்தைப் பார், தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார், ஏற்கெனவே அங்கே என்ன முளைக்கிறது என்று பார், அதற்கப்புறம் கையை வை. 1981-ல் மோலிசனுக்கு ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு இந்த முறைகளை ஏழை நாடுகளின் மூலை முடுக்குக் கிராமங்களுக்கு எடுத்துப்போகும் உதவித் திட்டங்கள் நிறைய வந்தன.

என் கேள்வி விவசாயம் பற்றியது அல்ல. மென்பொருள் துறையில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன், எனக்குத் தெரிந்தது ப்ராஜெக்ட்தான். எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள், மூன்று வருஷத்துக்குப் பணம் வருகிறது, ஜீப் வருகிறது, அறிக்கை எழுதுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். அதற்கப்புறம் அந்த நிலத்தில் என்ன மிஞ்சியது? திட்டத்தை நடத்தியவர்கள் எழுதிய அறிக்கையில் இதற்குப் பதில் இருக்காது. இருபது முப்பது வருஷம் கழித்து யாராவது திரும்பிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்க்கப்பட்ட இடங்களைத் தேடிப்போனதில் கிடைத்தவை பெரும்பாலும் சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் சாஹேல் பகுதியில் நடந்தவை. அவர்களில் பலர் பெர்மாகல்ச்சர் என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. செய்தது அதுதான்.

முதலில் யதெங்கா. புர்கினா ஃபாசோவின் வடக்குப் பகுதி, வாஹிகூயா என்ற ஊரைச் சுற்றிய நிலம். அந்த நாட்டுக்கு அப்போது மேல் வோல்ட்டா என்று பெயர். மழை பெரும்பாலும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நிலம் கிட்டத்தட்ட சமதளம் போலத் தெரியும், ஆனால் மெல்லிய சரிவு உண்டு. மேல்மண் இறுகிப்போய் சிமென்ட் தரை மாதிரி ஆகிவிட்ட இடங்களில் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலேயே வழிந்து மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

1960-ல் விடுதலை. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1962-லிருந்து 1965 வரை, வெளிநாட்டு உதவியோடு ஒரு பெரிய மண் அரிப்புத் தடுப்புத் திட்டம் அங்கே வந்தது. கனரக இயந்திரங்களை இறக்கி ஏறத்தாழ 1,20,000 ஹெக்டேர் நிலத்தில் மண் வரப்பு போட்டார்கள். அளவை மட்டும் பார்த்தால் பிரமாண்டமான சாதனை. நீர்ப்பிடிப்பை வைத்து வரைந்த கோடுகள் அவை. அந்தக் கோடு யாருடைய வயலைக் குறுக்கே வெட்டுகிறது, வரப்பு உடைந்தால் யார் அடைப்பது என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. மழை வந்தது, வரப்பு உடைந்தது, ஊர்க்காரர்கள் தொடவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது அரசாங்கத்தோட வரப்பு. நம்ம ஊரில் பஞ்சாயத்துக் குழாய் உடைந்து ஓடினால் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறோமே, அது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருஷத்தில் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாகிவிட்டது.

அடுத்து 1968-ல் தொடங்கி 1973 வரை நீண்ட கொடும் பஞ்சம். உலகம் முழுக்க உதவி நிறுவனங்கள் சாஹேலை நோக்கி ஓடின. பாலைவனம் தெற்கே நகர்கிறது, மரம் வைத்துத் தடுக்க வேண்டும் என்பதுதான் அன்றைய பேச்சு.

1979-ல் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் யதெங்காவில் வேளாண்-காட்டுத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் செய்வது போல, சின்னச் சின்ன மண்கரை கட்டி, அதற்குள் ஓடிவரும் தண்ணீரைத் தேக்கி, நடுவில் மரக்கன்று நடுவது. நல்ல யோசனை. வேறொரு பாலைவனத்தில் வெற்றி பெற்ற யோசனையும்கூட. யதெங்கா விவசாயிகள் மண்கரையைக் கட்டினார்கள். கட்டிவிட்டு, தேங்கிய தண்ணீரைப் பார்த்து, அதற்குள் சோளத்தை விதைத்துவிட்டார்கள்.

மேலாளராக இருந்து யோசித்துப் பாருங்கள். பணம் மரத்துக்கு வந்தது. மேலே அனுப்பும் அறிக்கையில் எத்தனை மரம் என்றுதான் கட்டம் இருக்கும். கீழே வயலில் சோளம் நிற்கிறது. நான் பார்த்த பெரும்பாலான ப்ராஜெக்ட்களில் இந்த இடத்தில் "பயனாளிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை" என்று எழுதி ஒரு பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்திருப்பார்கள். யதெங்காவில் இருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஜனங்களுக்கு வேண்டியது சாப்பாடு, மரம் அல்ல என்று ஒத்துக்கொண்டு திட்டத்தையே திருப்பினார்கள். ஊரில் ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு பழைய பழக்கத்தைக் கையில் எடுத்தார்கள்: வயலில் கல் வரிசை வைப்பது. மண் வரப்பு தண்ணீரை மறித்து, தாங்க முடியாமல் உடையும். கல் வரிசை மறிக்காது, வேகத்தை மட்டும் குறைக்கும். தண்ணீர் கல்லிடுக்கில் கசிந்து போகும், வண்டலும் சருகும் பின்னால் தங்கும்.

ஒரே ஒரு சிக்கல். கல் வரிசை சமமட்டக் கோட்டில் இருந்தால்தான் பலன். கோடு தாழ்கிற இடத்தில் தண்ணீர் சேர்ந்து அறுத்துக்கொண்டு போய்விடும். கிட்டத்தட்ட தட்டையான நிலத்தில் அந்த மட்டத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சர்வேயர் கருவிகளுக்கு ஆள் வேண்டும், படிப்பு வேண்டும். அங்கேதான் நம்ம கொத்தனாரின் டியூப் வந்தது. ஒளி ஊடுருவும் ஒரு குழாய், இரண்டு குச்சி, கொஞ்சம் தண்ணீர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டார்கள். கற்றவர் அடுத்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தார். கல் வரிசைகள் யதெங்கா முழுக்கப் பரவின, இன்றைக்கும் இருக்கின்றன. திட்டத்தின் பெயர் மட்டும் கடைசி வரை வேளாண்-காட்டுத் திட்டம்தான்.

அதே யதெங்காவில், அதே 1980 வாக்கில், எந்தத் திட்டத்திலும் சேராமல் ஒரு விவசாயி வேலை செய்துகொண்டிருந்தார். யாகூபா சவாதோகோ. "ஸாய்" என்று ஒரு பழைய முறை, இறுகிய தரையில் சின்னக் குழி தோண்டி விதைப்பது. அவர் குழியைப் பெரிசாக்கினார், கோடையிலேயே தோண்டினார், உள்ளே எருவைப் போட்டார். எரு கரையானை இழுத்தது, கரையான் தரையைத் துளைத்தது, மழை உள்ளே இறங்கியது. மழைக்கு முன்னாலேயே வயலில் இறங்கி வேலை செய்கிறானே என்று ஊர் சிரித்தது, யாரோ வயலுக்குத் தீயும் வைத்தார்கள். எருவில் கலந்திருந்த மர விதைகள் சோளத்தோடு சேர்ந்து முளைத்தன. அவர் அவற்றைப் பிடுங்காமல் விட்டார். சில வருஷத்தில் அங்கே ஒரு காடு வந்துவிட்டது. இவரிடம் திரும்ப வருகிறேன்.

இப்போது பக்கத்து நாடான நைஜருக்குப் போக வேண்டும், ஏனென்றால் கல் வரிசையில் வராத ஒரு சிக்கல் மரத்தில் வருகிறது. அங்கே மஜ்ஜியா பள்ளத்தாக்கில் 1970-களின் நடுவில் கேர் நிறுவனம் காற்றைத் தடுக்க வரிசை வரிசையாக மரம் வைத்தது. என்ன மரம் தெரியுமா? நம்ம வேப்ப மரம். நன்றாகவே வளர்ந்தது, விளைச்சலும் கூடியது. ஆனால் அந்த மரங்கள் யாருடையவை என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. ஊர்க்காரர்கள் பலர் அவற்றை வனத்துறையின் மரமாகத்தான் பார்த்தார்கள். கிளை வெட்ட யார் அனுமதி தர வேண்டும், விறகு விற்ற காசு யாருக்கு என்பதெல்லாம் மரம் வளர்ந்த பிறகு உட்கார்ந்து பேச வேண்டியதாகிவிட்டது.

மராதி பகுதிக்கு 1980-களின் ஆரம்பத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் பட்டதாரி ஒரு கிறிஸ்தவ மிஷன் வழியாக வந்தார். அவர் கையில் கொடுக்கப்பட்டதும் மரம் நடும் திட்டம்தான். நாற்றங்காலில் கன்று வளர்த்து, கிராமம் கிராமமாக வண்டியில் ஏற்றிப்போய் நடுவது. பெரும்பாலானவை காய்ந்தன, மிச்சத்தை ஆடு தின்றது. தப்பிப் பிழைத்ததை யாரும் பராமரிக்கவில்லை. ஜனங்களுக்கு இது வெள்ளைக்காரனின் வேலை.

1983-ல் ஒரு நாள் கன்றுகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, மணலில் சிக்காமல் இருக்க டயரில் காற்றைக் குறைக்க வண்டியை நிறுத்தியிருக்கிறார். நாலு பக்கமும் வெறும் பொட்டல், அங்கங்கே புதர். இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். ஒரு புதரின் பக்கத்தில் போய் இலையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது புதர் இல்லை, வெட்டப்பட்ட மரம். தரைக்கு மேலே அடிக்கட்டை, கீழே உயிரோடு இருக்கும் வேர். வருஷா வருஷம் துளிர்க்கிறது. வருஷா வருஷம் விதைப்புக்கு முன்னால் விவசாயி அதை அடியோடு வெட்டி எரிக்கிறார் அல்லது விறகாக்குகிறார். பொட்டல் என்று நினைத்த நிலத்துக்கு அடியில் ஒரு காடு உயிரோடு இருந்திருக்கிறது.

நம்ம ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கரும்பில் மறுதாம்பு விடுகிறோம். சீமைக் கருவேலத்தை வெட்ட வெட்ட எப்படிப் படர்கிறது என்று ராமநாதபுரத்துக்காரர்களைக் கேளுங்கள், கண்ணீர் விடுவார்கள். வேர் பழசு, ஆழமாகப் போயிருக்கிறது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு கட்டையிலும் நேராக வளரும் சில தண்டுகளை மட்டும் விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். மிச்சத்தின் பக்கக் கிளைகளைப் பாதி உயரம் வரை நறுக்க வேண்டும். வேண்டும்போது ஒரு தண்டை வெட்டி விற்கலாம், அடுத்தது வளரும். கத்தியும் கோடரியும் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஹவுஸா மொழியில் இதற்கு "ஸஸ்ஸாபின் ஸமானி" என்று பெயர் வந்தது, அதாவது இந்தக் காலத்து நிலம் திருத்தல். வெட்டுகிற அதே வேலைதான், வேறு மாதிரி வெட்டுவது.

ஆனாலும் முதலில் சேர்ந்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான். விதைப்புக்கு முன்னால் வயலை மொட்டையாக வைத்திருப்பவன்தான் நல்ல விவசாயி என்று ஊருக்கே நினைப்பு. கட்டையை விட்டவனைச் சோம்பேறி என்றார்கள். விட்ட மரத்தை ராத்திரியில் யாராவது வெட்டிக்கொண்டு போனார்கள்.

1984-ல் மறுபடி பஞ்சம். ரினாடோவின் திட்டம் 95 கிராமங்களில் வேலைக்கு உணவு கொடுத்தது. தானியம் வேண்டும் என்றால் வயலில் ஹெக்டேருக்கு இத்தனை மரம் விட வேண்டும் என்று நிபந்தனை. ஜனங்கள் விட்டார்கள், லட்சக்கணக்கில் மரம் எழுந்தது. அறிக்கை எழுத வேண்டிய நேரம் என்றால் அதுதான். பஞ்சம் முடிந்து தானியம் நின்றதும் மூன்றில் இரண்டு பங்கு மரத்தை வெட்டிவிட்டார்கள்.

எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இது. ரினாடோ இதை மறைக்கவில்லை, அவரே எழுதியிருக்கிறார். காசு கொடுத்து வைத்த மரம் காசு நின்றதும் போய்விட்டது என்று இதைப் படிக்கலாம். இன்னொரு பக்கம், மூன்றில் ஒரு பங்கு மரம் யாரும் கட்டாயப்படுத்தாமலே நின்றதே? அந்த ஒரு வருஷம் மரத்தோடு பயிர் வைத்துப் பார்த்தவர்களில் சிலருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மணல் காற்றில் நாற்று புதைவது குறைந்தது, விறகு வயலிலேயே கிடைத்தது, மாட்டுக்குத் தழை கிடைத்தது. வெட்டியவர்களில் பலர் பக்கத்து வயலைப் பார்த்து மறுபடி விட ஆரம்பித்தார்கள். இந்த முறை ஹெக்டேருக்கு எத்தனை என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை, அவரவர் தேவைக்கு விட்டார்கள்.

இன்னொரு முடிச்சு இருந்தது, அது வயலில் இல்லை, சட்டத்தில். பிரெஞ்சுக் காலனி ஆட்சிக் காலத்திலிருந்தே மரம் அரசுக்குச் சொந்தம். விடுதலைக்குப் பிறகு வந்த வனச் சட்டமும் அதையே தொடர்ந்தது. தன் வயலில் தானே வளர்த்த மரத்தை வெட்டினாலும் வனக்காவலர் அபராதம் போடலாம். காட்டைக் காப்பாற்ற வந்த சட்டம்தான். அதன் விளைவு என்ன? கட்டை துளிர்க்கும்போதே வெட்டிவிடு, மரமானால் தொல்லை. ஒரு விவசாயியின் இடத்தில் நின்று பார்த்தால் அதைவிட புத்திசாலித்தனமான முடிவு கிடையாது. ரினாடோ அந்தப் பகுதி வனத்துறையினரோடு பேசி, இந்த முறையில் மரம் வளர்ப்பவர்களை வெட்டியதற்காகப் பிடிக்க மாட்டோம் என்று ஒரு வாய்மொழி உடன்பாடு வாங்கினார். எழுத்தில் எதுவும் இல்லை. என் கணிப்பில் அவர் செய்த எல்லாவற்றிலும் பெரிய வேலை இதுதான், ஆனால் எந்தத் திட்ட அறிக்கையிலும் இதற்கு ஒரு கட்டம் இருந்திருக்காது. பின்னால் 1990-களில் சட்டமும் நடைமுறையும் மெல்ல நெகிழ்ந்தன. வயலில் மரத்தை மீட்டெடுக்கும் இந்த முறைக்கென்றே அரசாணை வந்தது 2020 ஜூலையில்.

ரினாடோ 1999-ல் நைஜரை விட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு சில வருஷங்களில் கிறிஸ் ரெய் என்ற டச்சு புவியியலாளரும், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கிரே டாப்பனும் தெற்கு நைஜரின் 1970-களின் வான்படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்கள் திரும்ப வந்திருந்தன. 20 கோடி மரம் இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. கிழக்கே ஜிந்தர் பகுதியில் "காவோ" மரம் நிறைய. வேல மரத்துக்குச் சொந்தம், மழைக் காலத்தில் இலை உதிர்த்துக் கோடையில் துளிர்க்கும், அதனால் பயிருக்கு நிழல் தொல்லை கிடையாது. அங்கெல்லாம் பெரும்பாலும் எந்தத் திட்டமும் போனதே இல்லை. விவசாயியைப் பார்த்து விவசாயி செய்தது. 1980-களின் நடுவுக்குப் பிறகு மழையும் ஓரளவு திரும்பியது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் மழை மட்டும் காரணமென்றால் வயலுக்கு வெளியே இருந்த நிலமும் அதே அளவு பச்சையாகியிருக்க வேண்டும், அப்படி ஆகவில்லை. ஆள் நெருக்கம் அதிகமான இடங்களில்தான் மரமும் அதிகம்.

பெர்மாகல்ச்சர் என்ற பெயரிலேயே நடந்தது ஒன்றும் வேண்டுமே என்பவர்களுக்கு ஜிம்பாப்வேயின் சிக்குக்வா. மொசாம்பிக் எல்லையை ஒட்டிய மலைக் கிராமங்கள். 1991-ல் ஊற்று வற்றியபோது ஊர்க்காரர்களே கூடி ஆரம்பித்தார்கள். பயிற்சிக்கு வெளியே போனார்கள், திரும்பி வந்து ஊற்றுக்கண்ணைச் சுற்றி மரம் வைத்தார்கள், சரிவில் சமமட்ட வாய்க்கால் வெட்டினார்கள், கரையில் வெட்டிவேர் நட்டார்கள் (உலகம் முழுக்க வழங்கும் அந்தப் பெயர் தமிழிலிருந்து போனது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை). நிர்வகிக்க ஒரு அறக்கட்டளையை அவர்களே அமைத்துக்கொண்டார்கள். வெளிப் பணம் பின்னால் வந்தது, ஆனால் வேலை அதற்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. 2013-ல் வந்த ஆவணப்படத்தில் அந்தச் சரிவுகளைப் பார்க்கலாம்.

மோலிசன் 1981-ல் வாங்கிய அதே ரைட் லைவ்லிஹுட் விருதை 2018-ல் பெற்றவர்களில் இரண்டு பேர் டோனி ரினாடோவும் யாகூபா சவாதோகோவும். வெளியிலிருந்து திட்டத்தோடு வந்தவர் ஒருவர், திட்டமே இல்லாமல் தன் நிலத்தில் குழி வெட்டியவர் ஒருவர்.

சவாதோகோ 1984 வாக்கிலிருந்து தன் வீட்டில் சந்தை நாட்கள் நடத்தினார். சுற்றுக் கிராமத்து விவசாயிகள் விதையோடு வருவார்கள், குழி வெட்டும் முறையைப் பார்ப்பார்கள், விதையை மாற்றிக்கொண்டு போவார்கள். காடு அவர் வளர்த்தது. ஆனால் அந்த நிலத்துக்கு அவரிடம் பட்டா மாதிரி எதுவும் இல்லை. வாஹிகூயா நகரம் வளர்ந்து வந்து காட்டைத் தொட்டது. நகர விரிவாக்கத் திட்டத்தில் அந்த இடம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. தன் மரங்கள் நிற்கும் நிலத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற நிலைமை அவருக்கு வந்தது, அந்தக் காசு அவரிடம் இல்லை. ஒரு பகுதியில் வீடுகள் எழும்பின. மிச்சத்தைக் காப்பாற்றக் கடைசி வரை அலைந்துகொண்டிருந்தார். 2023 டிசம்பரில் காலமானார்.